அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது?

என்னைப் போல ஒருவனை வீடு வீடாக அனுப்பிக் கேள்வி கேட்கச் சொன்ன அரசாங்கத்தைத்தான் முதலில் குற்றம் சொல்ல வேண்டும். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. ஆபீசில் என் மேஜைக்கு வருகிறவர்கள் பக்கத்து மேஜையில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். தெருவில் நான் நடந்து வந்தால் சிலர் தங்கள் நாயைக்கூட உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். நாய் கடிக்கும் என்று அல்ல, நான் கடிப்பேன் என்று.

வீட்டுப் பட்டியல் கணக்கெடுப்புக்கு என் பெயர் வந்தபோது ஆபீசில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பயிற்சி காக்கநாட்டில், கொச்சியின் மறுகோடியில். மட்டாஞ்சேரியிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் என் பொறுமை பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது. பயிற்சி கொடுத்த பையனுக்கு என் வயதில் பாதி இருக்கும். “கதவு திறந்ததும் முதலில் சிரிக்கணும் சார்” என்றான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். பின்னால் நின்ற என் மனைவி, “வேண்டாம். வயத்து வலிக்காரர் குடிக்க வெள்ளம் கேட்டு வந்திருக்கார்னு நெனச்சுப்பாங்க. சும்மா போங்க” என்றாள்.

இங்கே எல்லோரும் பேசுவது பாதி மலையாளம். எங்கள் வீட்டுப் பேச்சே அப்படித்தான். படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் தமிழ்ப் பக்கம் இழுத்து எழுதுகிறேன்.

எனக்கு மேற்பார்வையாளராக வந்தவர் ஒரு ஹைஸ்கூல் டீச்சர். அவர் எனக்கு ஒதுக்கியது என் சொந்தத் தெருவை. நான் வேறு தெரு கேட்டேன். போர்ட் கொச்சி கொடுங்கள், இடக்கொச்சி கொடுங்கள், படகில் போக வேண்டிய இடமானாலும் பரவாயில்லை என்றேன்.

“என்ன சாரே, சொந்தத் தெருவல்லே? எல்லாரையும் அறியுமல்லோ. எளுப்பம் தீரும், சிரமமில்லை” என்றார் டீச்சர்.

எல்லோரையும் எனக்குத் தெரியும். அதுதான் தொல்லை. தெருவில் பாதி வீடுகளோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வீட்டோடு ஸ்கூட்டர் நிறுத்துவதில் சண்டை. ஒரு வீட்டோடு பட்டாசில். ஒரு வீட்டோடு ஏன் சண்டை என்று எனக்கே மறந்துவிட்டது. அவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கேட்க முடியாது, பேச்சுதான் இல்லையே.

இவற்றில் பெரிய சண்டை எதிர்வீட்டோடு.

எதிர்வீட்டுக்காரி தென்காசிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவள். அவள் புருஷன் சுக்கு, மிளகு ஏற்றும் கிட்டங்கியில் சுமைதூக்கும் வேலை பார்த்தான். ஒருநாள் லாரியிலிருந்து மூட்டையோடு சறுக்கி விழுந்து முதுகு போனது. அதற்குப் பிறகு அவனால் ஒரு குடத்தைக்கூடத் தூக்க முடியாது. அவள் வீட்டிலேயே மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்தாள். முன்னறையில் இரண்டு பெஞ்சு. புருஷனோடு வேலை பார்த்த சுமைதூக்கிகள், ஆட்டோக்காரர்கள், பழம்பொருள் கடைகளில் நிற்கும் பையன்கள் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். அந்தக் குடும்பம் அந்த அடுப்பில்தான் ஓடுகிறது.

எனக்கு அந்த அடுப்போடு விரோதம் இல்லை. என் வாசற்படிக்கு முன்னால் சாயங்காலமானால் தேங்கி நிற்கும் தண்ணீரோடுதான் விரோதம். நான் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு எதுவும் உடுத்துவதில்லை. அதை நானே துவைத்து, நானே நீலம் போட்டு, நானே காயப்போடுவேன். ஆபீஸ் விட்டு வந்து அந்தத் தண்ணீரைத் தாண்டும்போது வேட்டிக் கரையில் ஒரு சொட்டுத் தெறித்தால் போதும், அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், நான் மட்டும் பேசுவேன்.

எதிரே பத்து இருபது பேருக்குச் சமைக்கிறார்கள். பானை கழுவுகிறார்கள். என் வாசலில் தண்ணீர் நிற்கிறது. இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும்? ஒருநாள் நடுத்தெருவில் நின்று கேட்டேன். அவளும் வெளியே வந்தாள். நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொன்னாள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்தத் தெருவில் நான் திட்டுவது முழுவதும் புரிகிற ஒரே ஆள் அவள்தான். மற்றவர்களை மலையாளத்தில் திட்ட வேண்டும், கோபத்தில் எனக்கு அதில் பாதிச் சொல் நேரத்துக்கு வராது. அவளோடு சண்டை போட்டால்தான் சண்டை போட்ட மாதிரி இருக்கும். அன்றைக்கு அவள் நடுவில் நடுவில் வேறு ஏதோ சொல்ல வந்தாள். நான் சொல்ல விடவில்லை. சண்டையில் எதிராளி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நம் முறை போய்விடும் என்பது என் கொள்கை.

அதற்குப் பிறகு சுகாதாரப் பிரிவுக்குப் புகார் கொடுத்தேன். யாரும் வரவில்லை. மறுபடி கொடுத்தேன். அதையும் மறுபடி கொடுத்தேன். கடைசியில் ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். தேங்கிய தண்ணீரைப் பார்த்தார், பெரிய பானைகளைப் பார்த்தார், அவளுக்கு நோட்டீஸ் கொடுத்தார். மாதக் கடைசியில் திரும்ப வருவேன், அதற்குள் கழிவுநீருக்கு வழி செய்யாவிட்டால் சமையலை நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பின்பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னாள். “அப்போ இந்தத் தண்ணி ஆரோடது? சமைக்கிறது நீங்கள்தானே?” என்று அவர் கேட்டார். நான் என் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இன்ஸ்பெக்டர் போனதும் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அண்ணாச்சி, இந்த அடுப்பு அணைஞ்சா இவருக்கு மருந்து வாங்க வழி கெடையாது. நல்லா இருங்க.”

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த மாதத்தில்தான் கணக்கெடுப்பு வந்தது. போனில் ஏற்றிய செயலியில் முப்பதுக்கு மேல் கேள்விகள். தரை எதில் போட்டது, கூரை எதில் வேய்ந்தது, எத்தனை அறை, எத்தனை தம்பதிகள், குடிதண்ணீர் எங்கிருந்து, கக்கூஸ் எப்படிப்பட்டது, என்ன தானியம் சாப்பிடுகிறீர்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றேன். வீட்டின் கழிவுநீர் எங்கே போகிறது: மூடிய சாக்கடையிலா, திறந்த சாக்கடையிலா, வடிகாலே இல்லையா? எனக்காகவே யாரோ புண்ணியவான் டெல்லியில் உட்கார்ந்து சேர்த்த கேள்வி போல இருந்தது. எதிர்வீட்டுக்குள் அரசாங்கமே என்னை அனுப்பி இதைக் கேட்கச் சொல்கிறது. அவள் வடிகால் இல்லை என்று தன் வாயால் சொல்ல வேண்டும், நான் அதை என் விரலால் அழுத்த வேண்டும். கணக்கில் வரும் பதிலை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று காக்கநாட்டில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பயன்படுத்த வேண்டாம். கேட்டால் போதும்.

அந்த வீட்டைக் கடைசிக்கு வைத்தேன். பண்டிகைப் பலகாரத்தைக் கடைசியில் தின்கிற சின்னப் பிள்ளைபோல.

மற்ற வீடுகளில் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பதில்களை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம், அதனால் எந்த வீடு என்று சொல்லவில்லை. ஒரு குஜராத்திப் பெரியவரிடம், “அரிசியா கோதுமையா?” என்று கேட்டேன். “காலையில் என்ன, மத்தியானம் என்ன, ஏகாதசிக்கு என்ன?” என்று திருப்பிக் கேட்டார். “ஒன்றுதான் அழுத்த முடியும்” என்றேன். “ஒரே தானியம் தின்று உயிர் வாழ நான் என்ன புறாவா?” என்று கோபித்துக்கொண்டார். அவர் மனைவி டீ கொடுத்து எங்கள் இருவரையும் பிரித்துவிட்டாள்.

இன்னொரு வீட்டில் வாசல் ஒன்று, உள்ளே இரண்டு மருமகள்கள். ஒரே அடுப்பில் சாப்பிட்டால் ஒரு குடும்பம், தனி அடுப்பானால் தனிக் குடும்பம் என்பது விதி. “உங்களுக்கு எத்தனை அடுப்பு?” என்றேன். சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, முற்றத்தில் மீன் பொரிக்க மட்டும் பொதுவாக ஒன்று.

“அப்படியானா நீங்க ஒரு குடும்பமா, ரெண்டா?”

மூத்தவள் யோசித்துவிட்டு, “சோறுக்கு ரெண்டு, மீனுக்கு ஒண்ணு” என்றாள். இளையவள், “மீன் நல்ல மீனானா மட்டும்” என்றாள். செயலியில் அதற்கு இடமில்லை. நான் கத்தினேன். அவர்கள் இருவரும் ஒன்றுசேர்ந்து என்னைப் பார்த்துக் கத்தினார்கள். அந்த ஒரு நிமிஷம் அவர்கள் சந்தேகமில்லாமல் ஒரே குடும்பம்.

ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல் மூட்டியது கழிவுநீர்தான். தங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. “அது போகும் சாரே” என்றார்கள். எங்கே போகும்? “அங்ஙனே போகும்.” படித்தவர்கள், பாங்கில் வேலை பார்த்தவர்கள், பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பியவர்கள் எல்லோருக்கும் அதே பதில். ஒவ்வொரு வீட்டிலும் நான் பிரசங்கம் செய்தேன். சொந்தச் சமையலறைக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று தெரியாதவன் என்ன குடித்தனம் நடத்துகிறான் என்று கேட்டேன். பின்கட்டு வரைக்கும் போய் நானே குனிந்து பார்த்து அழுத்தினேன்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார், தெருவே அவரை இக்கா என்று கூப்பிடும். அவர் மட்டும் வேறு பதில் சொன்னார்.

“காலையில போகும் சாரே. வைகுன்னேரம், அந்திக்குத் திரும்பி வரும்.”

“இக்கா, விளையாடாதீங்க. அதுக்கு இதுல பட்டன் இல்லை.”

“பட்டன் இல்லேங்கிலும் காயலுண்டு. ஏற்றம் வந்தால் எல்லார் சாக்கடையும் பின்னாலே நடக்கும். சார் இங்கேதானே பிறந்தது?”

காயலில் கடலேற்றம் வரும்போது தெருச் சாக்கடைகளில் தண்ணீர் எதிர்த்து ஏறும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் தெரிந்ததை யோசிப்பதற்கு வேறு புத்தி வேண்டும். நான், “மூடியதா திறந்ததா, அதை மட்டும் சொல்லுங்க” என்று அதட்டிவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டுக்கு நான் வேண்டுமென்றே சாப்பாட்டு நேரத்தில் போனேன். சாட்சிக்கு ஆள் இருக்கட்டும் என்றுதான். பெஞ்சில் இடமில்லாமல் சுமைதூக்கிகள் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் அட்டையோடு நான் வாசலில் நின்றதும் எல்லோர் கையும் சோற்றில் நின்றது.

“எந்தா சாரே, ஊணு கழிக்கவா?” என்றான் ஒருவன்.

“கணக்கெடுக்க” என்றேன்.

“சோற்று உருளையையும் எண்ணுவாரோ?” என்றான் இன்னொருவன்.

அவள் சோற்றுக் கரண்டியோடு உள்ளிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது. “இன்ஸ்பெக்டர்தான் திரும்ப வாரேன்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்க எதுக்கு?” என்றாள். நான் அட்டையைக் காட்டினேன். காக்கநாட்டுச் சிரிப்பையும் காட்டினேன். அது அவளை இன்னும் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

“சரி, உக்காருங்க. கேக்கதைக் கேளுங்க. மோர் ஊத்திக்கிட்டே சொல்லுதேன்.”

தரை, சுவர், கூரை எல்லாம் ஆயிற்று. வீட்டின் நிலை நல்லதா, சுமாரா, இடிந்ததா என்று கேட்டேன். “தெனம் எதிர்த்தாப்புல நின்னு பாக்கியள்ல, நீங்களே போடுங்க” என்றாள். என்ன தானியம் என்று கேட்டேன். பெஞ்சு முழுவதும் சிரித்தது. “அண்ணாச்சிக்கு ஒரு கை வச்சாத்தான் அரிசின்னு நம்புவாரு போல” என்றாள். என் காது சூடாகிவிட்டது. பொறுத்துக்கொண்டேன். என் கேள்வி வரப்போகிறது.

வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்: “வீட்டின் கழிவுநீர் எங்கே போகிறது?”

அவள் மோர்ச் சொம்பை வைத்தாள். “வாங்க, காட்டுதேன்.”

பின்பக்கம் கூட்டிப் போனாள். பாத்திரம் கழுவும் மேடை. பக்கத்தில் சிமெண்டுத் தொட்டி, சோற்றுப் பருக்கை போகாமல் வலை கட்டியிருந்தது. தொட்டியிலிருந்து குழாய். குழாய் சுவரைத் தாண்டிப் பின்சந்துச் சாக்கடையில் இறங்கியது. அந்தச் சாக்கடைக்கு மேலே பலகைக் கல் போட்டு மூடியிருந்தது. என் வீட்டில்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு மூலை கிடையாது.

“இது நோட்டீஸுக்குப் பிறகு செய்தது” என்றேன்.

“இது நாங்க குடிவந்த நாள்லேருந்து இருக்கு.”

“அப்போ முன்னறையைக் கழுவுற தண்ணி?”

அவள் ஒரு குடம் தண்ணீர் எடுத்தாள். முன்னறைக்குப் போய், சாப்பிடுகிறவர்களைக் காலைத் தூக்கச் சொல்லிவிட்டு, வாசலை ஒட்டி ஊற்றினாள். தண்ணீர் தெருப்பக்கம் ஒரு அடிகூடப் போகவில்லை. பெஞ்சுக்கு அடியில் நுழைந்து, நடையில் ஓடி, நேராகப் பின்கட்டுக்குப் போனது. காலைத் தூக்கிய சுமைதூக்கிகள் ஊர்வலம் பார்ப்பதுபோல அதைத் தலை திருப்பிப் பார்த்தார்கள். அவள் புருஷன் கட்டிலில் படுத்தபடியே, “எங்க வீட்டுத் தரை பின்னாடி சாஞ்சது அண்ணே” என்றான். அவன் குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

நான் விடவில்லை. “அப்போ என் வாசல்ல நிக்கிறது என்ன, பன்னீரா?”

“அதைத்தான் அன்னைக்குத் தெருவுல நின்னு சொல்ல வந்தேன். நீங்க எங்க சொல்ல விட்டிய? அதை ஒருநாளாவது குனிஞ்சு பாத்தியளா? நீல நெறமா இருக்கும். எங்க பானையில மஞ்சள் வரும், புளி வரும், மீன் செதிள் வரும். நீலம் எங்கேருந்து வரும்? இவரு கட்டுறது கைலி. இந்தத் தெருவுல வெள்ளைவெளேர்னு திரியுற ஒரே ஆளு நீங்கதான்.”

பெஞ்சில் யாருக்கோ புரையேறியது. அவள் குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்:

“உங்க வீட்டுத் தண்ணி எங்க அண்ணாச்சி போகுது?”

நான் வாயைத் திறந்தேன். “அது போகும்” என்றேன்.

அந்தச் சிரிப்பைப் பற்றி எழுத வேண்டாம். மூடிய சாக்கடை என்று அழுத்திவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். “நம்ம தண்ணி எங்க போகுது?”

“துவைக்கிற கல்லுக்குக் கீழே ஓட்டை. அதுல போகும்.”

“ஓட்டைக்குப் பிறகு?”

“பின்னே அது உங்க டிபார்ட்மென்ட். நீங்கதானே துவைக்கிறது?”

சொட்டு நீலம் பாட்டிலை எடுத்தேன். புதுப் பாட்டில். ஒரு வாளித் தண்ணீரில் முழுவதையும் கவிழ்த்துத் துவைக்கிற கல்லில் ஊற்றினேன். பிறகு நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்தேன். படிக்கு முன்னால் தரை காய்ந்து கிடந்தது. எதிரே அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே பார்த்தாள். சுமைதூக்கிகளின் வாய் சும்மா இருக்காதே, தெருவுக்கு விஷயம் போய்விட்டது. ஒவ்வொருவராகக் காற்று வாங்க வந்தார்கள். எங்கள் தெருவில் காற்று வராது, சுக்குத் தூசிதான் வரும். இக்காவும் வந்து என் பக்கத்தில் நின்றார்.

“ஏற்றம் தொடங்கிட்டுண்டு. இப்போ வரும்” என்றார், படகுத்துறையில் படகுக்கு நிற்பவர்போல.

வந்தது. என் வாசற்படிக்கும் தெருவில் பதித்த கற்களுக்கும் இடையில் உள்ள இடுக்கில் முதலில் ஒரு ஈரக் கோடு. பிறகு சின்னச் சின்னக் குமிழி. பிறகு தண்ணீர். கல்யாண வீட்டுக்குக் கரைத்தமாதிரி அழகான நீலம். என் தண்ணீர், என் வாசலில், என் காலடியில் வந்து நின்றது. என் வேட்டிக் கரையில் தெறித்தது.

“எப்படி?” என்றேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

இக்காவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தெருவில் கல் பதித்தபோது என் வீட்டுக் குழாய் போய்ச் சேரும் குழிக்கு ஒரு மூடியும் வழியும் விடப் பார்த்தார்களாம். வாசலுக்கு நேரே ஓட்டை அசிங்கமாக இருக்கிறது, கல்லைப் படிவரைக்கும் முட்டப் போடு என்று நடுத்தெருவில் நின்று ஒருவர் கத்தினாராம். வேலைக்காரர்கள் பயந்து மூடிவிட்டார்களாம். இறக்கத்தின்போது எப்படியோ கசிந்து கீழே போகிற தண்ணீர், ஏற்றத்தின்போது போக இடமில்லாமல் வந்த வழியே திரும்பி மேலே வருகிறது.

“கத்தினது யாரு?” என்று நான் கேட்கவில்லை. இந்தத் தெருவில் அப்படிக் கத்த ஒரே ஆள்தான் உண்டு.

அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும் மனைவி மெதுவாக, “மீன் குழம்பு எப்படி இருக்கு?” என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வைக்கிற குழம்பு எப்போதுமே நன்றாக இருக்கும். “எதிர்வீட்டுக் குழம்பு” என்றாள். “எப்பவுமே எதிர்வீட்டுக் குழம்புதான். பின்வழியா வாங்குவேன்.”

“நாம பேசுறதில்லைன்னு தெரியாதா உனக்கு?”

“நீங்க பேசுறதில்லை. நான் பேசுறதில்லைன்னு நான் எப்போ சொன்னேன்? அவ என்னை மைனின்னு முறை சொல்லிக் கூப்பிடுறவ.”

குழம்பைத் தள்ளிவைக்க முடியவில்லை. நல்ல குழம்பு.

மறுநாளே சுகாதாரப் பிரிவுக்குப் போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அங்கே இருந்தவர், நோட்டீஸ் போன பிறகு அது உங்கள் கையில் இல்லை, இன்ஸ்பெக்டர் இடத்தைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார், அன்றைக்கும் தண்ணீர் நின்றால் சமையல் நிற்கும் என்றார். அதுவரை புகாரைத் திரும்பத் திரும்பக் கொடுத்து அந்தச் சக்கரத்தைத் தள்ளியவன் நான். இப்போது அது என்னைக் கேட்காமல் உருள்கிறது. வெள்ளைத் துணிக்கு நீலம் போடாமல் இருந்தால் தண்ணீர் வராதா என்றுகூட வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். தண்ணீர் வரும், நிறம்தான் வராது. அப்போது பழி மறுபடி அவள் தலையில்.

இன்ஸ்பெக்டர் வரும் நாளில் லீவு போட்டேன். காலையிலிருந்து துவைத்தேன். இருந்த துணி, துவைத்த துணி, பெட்டியில் இருந்த கல்யாண வேட்டி எல்லாவற்றையும் துவைத்து நீலம் போட்டேன். கடலேற்றத்துக்குச் சரியாக இன்ஸ்பெக்டர் வர வேண்டுமே என்ற கவலைக்கு இக்கா வழி செய்தார். அவரை வழியில் பிடித்து டீக்கடையில் உட்காரவைத்து, துறைமுகத்துக் கதை சொல்லி, ஏற்றம் வந்ததும் கூட்டி வந்தார்.

எதிர்வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அன்றைக்குச் சாப்பிட வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டும் போகாமல் நின்றார்கள்.

இன்ஸ்பெக்டர் தண்ணீரைப் பார்த்தார். அவளைப் பார்த்து, “ஒண்ணும் செய்தில்லையோ?” என்று ஆரம்பித்தார். நான் பாய்ந்தேன்.

“அவங்களை எதுக்கு கேக்கிறீங்க? குனிஞ்சு பாருங்க! இது என் தண்ணி! என் நீலம்! பின்னாடி போய் அவங்க தொட்டியைப் பாருங்க, உங்க ஆபீஸ்ல இருக்கா அந்த மாதிரி ஒரு தொட்டி? போன தடவை வந்தப்போ பார்த்தீங்களா? பார்க்காம எப்படி நோட்டீஸ் கொடுத்தீங்க?”

அவர் என் கத்தலைக் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு, “சாரே, பராதி தந்தது நீங்கள்தானே?” என்றார்.

“ஆமா.”

“எதிர்வீட்டுத் தண்ணின்னு எழுதித் தந்ததும் நீங்கள்தானே?”

“ஆமா.”

“இப்போ நீங்கள் உங்களுக்கு எதிராயிட்டுப் பராதி சொல்றீங்களோ?”

தெரு மொத்தமும் அமைதியாக என் பதிலுக்காக நின்றது. என் வாழ்க்கையில் என் பேச்சை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

“ஆமா” என்றேன்.

அவர் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவளுடைய நோட்டீஸை வாங்கி, ரத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்குப் புதிதாக ஒன்று எழுதினார். அதில் ஒரு வரிகூட என்னால் தப்புச் சொல்ல முடியவில்லை. எல்லாம் நான் புகாரில் எழுதிய வாசகம்தான்.

அவள் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். புருஷனிடம் காட்டிவிட்டு வந்து, அணைத்த அடுப்பை மறுபடி மூட்டினாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

வடிகால் போடுவதற்காக என் வாசலையும் துவைக்கிற இடத்தையும் சமையலறையையும் உடைத்துப் போட்டார்கள். வீடு முழுக்க மண். மனைவி அடுப்புக்கு லீவு விட்டுவிட்டாள். “எதிரே போய்ச் சாப்பிடுங்க. முன்வழியா போங்க” என்றாள்.

போனேன். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உருளையை எண்ணுவாரோ என்று கேட்டவன்தான் எனக்குத் தண்ணீர் ஊற்றினான். “சாரே, இது போற தண்ணியா, வர்ற தண்ணியா?” என்று கேட்டுக்கொண்டே ஊற்றினான். நான் பதில் சொல்லாமல் சாப்பிட்டேன். நான் பதில் சொல்லாததைப் பார்த்து அவனுக்கே பயம் வந்துவிட்டது.

அப்போதுதான் போன் அடித்தது. மேற்பார்வையாளர் டீச்சர். கையெல்லாம் குழம்பு. முழங்கையால் அழுத்தியதில் ஸ்பீக்கரில் பேசியது.

“சாரே, உங்கள் பட்டியலில் ஒரு சம்சயம். எல்லா வீட்டுக்கும் சாக்கடை உண்டு. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் வடிகால் இல்லைன்னு போட்டிருக்கு. கை தவறி அழுத்தினதாயிருக்கும். அந்த வீட்டில் போய் இன்னும் ஒருதடவை நேரில் கேட்டுப் பாருங்களேன்.”

மற்றவர்கள் பதிலை வெளியே சொல்லத்தான் தடை. என் வீட்டுப் பதிலை நான் எங்கேயும் சொல்லலாம்.

“கேட்டாச்சு டீச்சர். கை தவறவில்லை. அது என் வீடு.”

அந்தப் பக்கம் டீச்சர், “ஓ. அப்போ சரி” என்று வைத்துவிட்டார். இந்தப் பக்கம் பெஞ்சு இரண்டும் ஆடின, அப்படிச் சிரித்தார்கள்.

சாப்பிட்டு முடித்து எழுந்து, பழக்கத்தில் தெருப்பக்கம் கை கழுவப் போனேன். அவள் உள்ளிருந்து கத்தினாள், எனக்குச் சரியாகப் புரிகிற தமிழில்:

“அண்ணாச்சி! அங்க எங்க போறிய? பின்னாடி வந்து கழுவுங்க. இங்கனதான் சாக்கடை இருக்கு!”

பின்கட்டுக்குப் போய்க் கை கழுவினேன். தண்ணீர் வலையில் விழுந்து, தொட்டிக்குள் போய், குழாயில் இறங்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் கை கழுவ வந்தவர்கள் காத்திருந்தார்கள்.